பட்டாசாலையில் (வீட்டுக் கூடத்தில்) பாட்டு நிற்காமல் ஓட: திருநெல்வேலி வீடுகளுக்கான நெட்வொர்க் வேலை

நெட்டில் கேட்கும் பாட்டு பாதியில் நின்று வட்டம் சுற்றினால் பலரும் முதலில் செய்வது 40 எம்பிபிஎஸ் திட்டத்தை 100 ஆக்குவதுதான். அடுத்த மாதமும் பாட்டு நிற்கும். பாட்டுக்கு அந்த வேகம் தேவைப்படவே இல்லை என்பது கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

சிடி தரம் என்பது 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், இரண்டு சேனல். சுருக்காமல் அனுப்பினால் விநாடிக்கு 1,411 கிலோபிட். ஃபிளாக் முறையில் இழப்பில்லாமல் சுருக்கினால் பாட்டைப் பொறுத்து 700 முதல் 1,000 வரை வரும். தனி வீணை என்றால் இறங்கும், தவிலும் உருமியும் சேர்ந்து முழங்கினால் ஏறும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் சுருக்காத நிலையில் 4,608 கிலோபிட். உச்சமான 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் 9,216. சுருக்கியபின் இந்த இரண்டும் ஏறக்குறைய 3, 6 மெகாபிட்டுக்குள் அடங்கும். ஆக, ஊரிலுள்ள ஆகச் சின்ன ஃபைபர் திட்டத்திலும் நான்கு அறையில் நான்கு பேர் உயர்தரப் பாட்டுக் கேட்கலாம். மாத அளவு உள்ள திட்டமா? சிடி தரத்துக்கு மணிக்குச் சுமார் 400 எம்பி, 24/96க்கு ஒன்றேகால் ஜிபி போகும்.

வேகம் தாராளமாக இருந்தும் பாட்டு ஏன் நிற்கிறது? பாட்டுப் பெட்டி (நெட்டிலிருந்து பாட்டை வாங்கி ஸ்பீக்கருக்குத் தரும் கருவி) வரும் தரவைக் கொஞ்சம் சேமித்து வைத்து வாசிக்கிறது. நெட் இரண்டு விநாடி தடுமாறினால் அந்தச் சேமிப்பிலிருந்து ஓட்டும். சேமிப்பு தீர்ந்தால்தான் நிற்கும். 4 மெகாபைட் சேமிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: சிடி தரத்தில் அது 23 விநாடி தாங்கும், 24/192இல் மூன்றரை விநாடிகூடத் தேறாது. ஒரே வீடு, ஒரே நெட், சாதாரணத் தரத்தில் ஓடும் பாட்டு உயர்தரத்தில் மட்டும் நிற்பது இதனால்தான். நாம் சரிசெய்ய வேண்டியது அந்த இரண்டு மூன்று விநாடித் தடுமாற்றத்தை. பெரும்பாலும் அது வீட்டுக்குள்ளேயே, ரவுட்டருக்கும் பாட்டுப் பெட்டிக்கும் நடுவில் உள்ள பத்துப் பதினைந்து மீட்டரில் இருக்கிறது.

முதலில் எங்கே பழுது என்று பாருங்கள்

சோதிக்கும்முன் பாட்டுச் செயலியின் தர அமைப்பில் "தானியங்கி" என்பதை எடுத்துவிட்டு உயர்ந்த தரத்தில் நிலையாக வையுங்கள். தானியங்கியில் விட்டால் நெட் தடுமாறும்போது செயலி சத்தமில்லாமல் தரத்தைக் குறைத்துவிடும். பாட்டு நிற்காது, பழுதும் தெரியாது. நின்றால்தானே எங்கே நிற்கிறது என்று பிடிக்க முடியும்?

சோதனை நேரம் இரவு 8 முதல் 10. தெருவே வீட்டிலிருக்கும் நேரம் அது. காலை பதினொரு மணிக்குப் பார்த்தால் எல்லா வீட்டிலும் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

பாட்டுப் பெட்டி இருக்கும் அதே இடத்தில், அதே உயரத்தில் கைபேசியை வைத்து, பிங் செயலி (சிறு செய்தி அனுப்பிப் பதில் வர ஆகும் நேரத்தை அளப்பது) ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) 300 பிங் அனுப்புங்கள். நல்ல வைஃபையில் 2 முதல் 5 மில்லிவிநாடியில் பதில் வரும், இடையில் ஒன்றிரண்டு 20, 30 போகலாம். ஒன்றுகூடத் தொலையக் கூடாது. 100, 300 என்று அடிக்கடி எகிறினாலோ நூற்றுக்கு ஒன்றிரண்டு காணாமல் போனாலோ பழுது வைஃபையில். ஃபைபர்காரருக்குப் போன் போட்டுப் பயனில்லை.

அது சுத்தமாக இருந்தால், மடிக்கணினியை லேன் ஒயரில் ரவுட்டரோடு மாட்டி 1.1.1.1க்கு (வெளி நெட்டில் உள்ள ஒரு முகவரி) அதே 300 பிங். இங்கே தொலைந்தால் பழுது வெளி வழியில். ஃபைபர் பெட்டியின் (ஃபைபர் ஒயர் வந்து சேரும் பெட்டி, சில வீட்டில் ரவுட்டரும் அதுவே) நிர்வாகப் பக்கத்தில் ஒளி வாங்கும் அளவு டிபிஎம் என்ற அலகில் இருக்கும். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரை நிம்மதி. மைனஸ் 27ஐத் தாண்டி இறங்கியிருந்தால் அந்த எண்ணைச் சொல்லியே புகார் கொடுங்கள். "நெட் ஸ்லோ" என்று சொன்னால் பெட்டியை அணைத்துப் போடச் சொல்வார்கள், எண்ணைச் சொன்னால் ஆள் வருவார்.

மூன்றாவது, அதே 1.1.1.1 சோதனையை நடத்திக்கொண்டே இன்னொரு கைபேசியிலிருந்து கல்யாண வீடியோ ஒன்றை மேகச் சேமிப்புக்கு ஏற்றுங்கள். சும்மா இருக்கும்போது 20 ஆக இருந்த எண் ஏற்றும்போது 400, 500 ஆனால் வரிசை நெரிசல். அதன் வைத்தியம் வேறு, பின்னால் வருகிறது.

சுவரும் பீரோவும்

டவுன் ரத வீதிகளை ஒட்டிய பழைய வீடுகள், பாளையங்கோட்டையின் பழைய தெருக்கள், கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரம் எல்லாவற்றுக்கும் ஒரே உடல்வாகு: முகப்பு ஒடுக்கம், நீளம் அதிகம். தார்சா, பட்டாசாலை, இரண்டாம் கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ஒரே கோட்டில் போகும். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் ஒன்றரை அடி, சில வீட்டில் இரண்டடி. ஃபைபர்காரர் வாசல் நிலைக்கு மேலே ஓட்டை போட்டு, அங்கேயே ஆணி அடித்து ரவுட்டரைத் தொங்கவிட்டுப் போயிருப்பார். வைஃபையின் இரண்டு அலைவரிசையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை அப்படிப்பட்ட சுவரில் ஒன்றைத் தாண்டும்போதே மெலிந்துவிடும், இரண்டாவதைத் தாண்டி வருவது பெயருக்குத்தான். 2.4 கொஞ்சம் கூடுதலாகப் போகும். ஆனால் அங்கே அக்கம்பக்கத்துக் கூட்டம்.

மகாராஜநகர், பெருமாள்புரம், தியாகராஜநகர் பக்கத்துப் புது வீடுகளில் சுவர் ஒன்பது அங்குலம்தான். அங்கே தடை கான்கிரீட் தளமும் அதிலுள்ள கம்பியும். கீழ்த்தளத்து ரவுட்டர் மாடி அறைக்கு ஒரு மூலையில் மட்டும் எட்டும்.

ரவுட்டரை எங்கே வைப்பது? தரையிலிருந்து ஐந்தாறு அடி உயரத்தில், திறந்த இடத்தில், பாட்டுப் பெட்டிக்கும் அதற்கும் நடுவில் கதவு நிலை வருமாறு. சுவரை விடக் கதவு வழி எளிது. கூடாத இடங்கள்: டிவி அலமாரிக்குள், இரும்பு பீரோவின் தலையில் அல்லது பின்னால், நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில், பித்தளைப் பாத்திரம் அடுக்கிய பரணில், தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்த சுவரில். உலோகம் அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் உறிஞ்சிவிடும். மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே வேலை செய்வதால் அடுக்களைச் சுவரில் ரவுட்டரை மாட்டினால் காபி சூடாகும் ஒன்றரை நிமிடமும் பாட்டுக்குக் கேடு. ஆன்டெனா எல்லாவற்றையும் செங்குத்தாக நிறுத்துங்கள், மாடிக்கும் போக வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்கப் போடலாம்.

ஃபைபர் ஒயர் கூடுதலாகச் சுருட்டி வைத்திருந்தால் பெட்டியை ஏழெட்டு மீட்டர் உள்ளே நகர்த்தலாம். ஒயரை மடிக்காதீர்கள். வளைவு ஒரு காபி டம்ளரின் வாயைவிடச் சிறிதாகக் கூடாது. பச்சை நிற முனையைக் கழற்றினால் கண்ணாடி நுனியை விரலால் தொடாமல் உடனே மூடியைப் போடுங்கள். ஒரு தூசியே ஒளி அளவை மூன்று நான்கு டெசிபெல் இறக்கிவிடும்.

நகர்த்தியபின் பாட்டுப் பெட்டி இடத்தில் வைஃபை சிக்னலை டிபிஎம்மில் அளந்து பாருங்கள். மைனஸ் 60ஐ ஒட்டி இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. மைனஸ் 67 வரை ஓடும். மைனஸ் 75க்குப் போனால் வைஃபையில் அங்கே உயர்தரப் பாட்டு என்பது நேர்த்திக்கடன்தான்.

ராதாபுரம் பக்கம் காற்றாலைகளும், நாங்குநேரிப் பக்கம் விஜயநாராயணத்துக் கடற்படைக் கோபுரங்களும் வைஃபையைக் கெடுக்கின்றன என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கடற்படை நிலையம் ஒலிபரப்புவது 30 கிலோஹெர்ட்ஸுக்கும் தாழ்ந்த அலைவரிசையில், வைஃபை அதைவிட எண்பதாயிரம் மடங்கு மேலே. பீரோவை நகர்த்துங்கள், பலன் தெரியும்.

சேனல் அமைப்பு

இது பத்து நிமிட வேலை. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் 2.4, 5 இரண்டுக்கும் வேறு வேறு பெயர் கொடுங்கள். ஒரே பெயரில் விட்டால் பாட்டுப் பெட்டி தன் இஷ்டத்துக்கு 2.4இல் ஒட்டிக்கொண்டு நகராது. 2.4இல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் மட்டும், சேனல் 1, 6, 11 மூன்றில் எது காலியோ அது. 3, 4, 8 என்று நடுவில் போட்டால் இரண்டு பக்கத்துக் கூச்சலும் சேரும். 5இல் 36 முதல் 48 வரை அல்லது 149 முதல் 161 வரை, அகலம் 80. வளவு வீடுகளில் பத்துக் குடும்பத்துக்குப் பத்து ரவுட்டர் என்றால் அகலத்தை 40 ஆக்குங்கள். வேகம் பாதியாகும், நிதானம் கூடும், பாட்டுக்கு வேண்டியது நிதானம்தான். 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ரேடார் சத்தம் போல எதையாவது கேட்டால் ரவுட்டர் உடனே இடம் மாற வேண்டும் என்பது விதி. புது இடத்திலும் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டபின்தான் பேசும், அதற்குள் பாட்டு நின்றுவிடும்.

சேனலைத் "தானியங்கி"யில் விடவேண்டாம். நடு ராத்திரியில் மாறினால் பரவாயில்லை, அது நடு ஆலாபனையில் மாறும்.

ஒரு ஒயர் இழுங்கள்

மேலே சொன்னதெல்லாம் செய்தும் எண் சரியாகவில்லை என்றால், பழைய வீடுகளில் பெரும்பாலும் ஆகாது, ஒரே ஒரு லேன் ஒயரை ரவுட்டரிலிருந்து பாட்டுப் பெட்டி வரை இழுத்துவிடுவது மற்ற எல்லா வழியையும்விட மலிவு. வேகத்துக்காக இதைச் செய்யவில்லை. ஒயரில் அக்கம்பக்கத்துக் கூட்டமே இல்லை, அதனால்தான். பிங் அளவு ஒரு மில்லிவிநாடிக்குள் வந்து அப்படியே நிற்கும்.

வாங்க வேண்டியது: கேட் 6 ஒயர், தேவையான நீளத்துக்கு மேல் மூன்று மீட்டர் கூடுதல், ஆர்ஜே45 கிளிப் பத்து (இரண்டுதான் வேண்டும், மீதி வீணாகும்), கிரிம்பிங் கருவி, ஒயர் டெஸ்டர், 20 மில்லிமீட்டர் பிவிசி பைப்பும் கிளாம்பும். கேட் 5இ இருந்தாலும் போதும், 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் தாங்கும். கடையில் "முழுச் செம்பு" என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைவாக விற்கும் ஒயர்களில் பெரும்பகுதி அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளியாகத் தெரியும். அது கிளிப்புக்குள் முறியும், உவரி, கூட்டப்புளி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றுப் பட்டு முனை பூத்துப்போகும். வெளியே வெயிலில் போகிற பகுதிக்குக் கறுப்பு வெளியுறை போட்ட ஒயர். சாம்பல் நிற உள்வீட்டு ஒயரின் உறை நம்மூர் வெயிலில் சில வருடங்களிலேயே வெடித்துப் பொடியாகும்.

ஒன்றரை அடிச் சுவரைத் துளைக்க 12 மில்லிமீட்டர் பிட், சுவரின் 18 அங்குலத்தையும் தாண்டும் நீளத்தில் வேண்டும். வீட்டில் இருக்கும் சாதாரண பிட் நடுச்சுவரிலேயே நின்றுவிடும். சுண்ணாம்புச் சுவரில் சுத்தியல் அடியைக் கூட்டினால் மறுபக்கம் காரை பெரிய தட்டாகப் பெயரும். கடைசி மூன்று அங்குலத்தை அடி இல்லாமல் சுழற்சியில் மட்டும் துளையுங்கள். வெளிச்சுவர் என்றால் ஓட்டை உள்ளிருந்து வெளியே சற்றுத் தாழ்ந்து போகவேண்டும், ஐப்பசி மழை உள்ளே வராது. ஓட்டைக்குக் கீழே ஒயரை ஒரு சாண் தொங்கவிட்டு மேலே ஏற்றினால் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிப் போய்விடும். சுவரைத் துளைக்க மனமில்லாதவர்கள் பட்டாசாலை உத்தரத்தின் ஓரமாக, கதவு நிலையின் மேல் இடுக்கு வழியாகக் கொண்டுபோகலாம். மின் ஒயரோடு இணையாக ஓடினால் ஒரு அடி இடைவெளி விடுங்கள், குறுக்கே கடப்பதாக இருந்தால் நேர்க்கோணத்தில் கடக்கட்டும்.

கிளிப்பைத் தாழ்ப்பாள் கீழேயும் உலோக ஆணிகள் மேலேயும், ஒயர் நுழையும் வாய் உங்கள் பக்கமும் இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள், வெளியுறை கிளிப்புக்குள் போய் அழுந்த வேண்டும். உறை வெளியே நின்றால் இழுபட்ட அன்றே விட்டுப்போகும். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தால் முடிந்தது. நீலமோ பழுப்போ எரியாவிட்டால் இணைப்பு ஒரு கிகாபிட்டிலிருந்து 100 மெகாபிட்டுக்கு இறங்கி ஓடும். பாட்டுக்கு அது தாராளம்தான், ஆனாலும் திரும்ப அடியுங்கள். இன்று ஒரு இழை சரியாகப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் ஆரஞ்சும் பிடிக்காது.

ஒயர் நுனியில் இன்னொரு வைஃபை

பின்கட்டில் கைபேசி, டேப்லெட் வழியாகவும் கேட்பவர்கள் அந்த ஒயரின் நுனியில் பழைய ரவுட்டர் ஒன்றை அக்சஸ் பாயின்டாக வைக்கலாம். பரணில் கிடக்கும் பழைய பெட்டியே போதும். இதில் எல்லாரும் செய்யும் தவறு ஒயரை அதன் நீலத் துளையில், அதாவது வெளி நெட் வருவதற்கான வான் (WAN) துளையில் மாட்டுவது. மாட்டினால் வீட்டுக்குள் இரண்டு தனித்தனி நெட்வொர்க் உண்டாகிவிடும். வாசல்பக்கம் இருக்கும் கைபேசிக்குப் பின்கட்டுப் பாட்டுப் பெட்டி கண்ணில் படாது. செய்யவேண்டிய முறை:

1. பழைய ரவுட்டரை வேறெதிலும் மாட்டாமல் மடிக்கணினியோடு மட்டும் இணையுங்கள்.
2. அதன் சொந்த முகவரியை 192.168.1.2 ஆக மாற்றுங்கள் (பெரிய ரவுட்டர் 192.168.1.1 என்றால்). பெரிய ரவுட்டர் மற்ற கருவிகளுக்கு வழங்கும் எண்களின் எல்லைக்குள் இந்த 2 வரக்கூடாது. எல்லையை 10இலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.
3. டிஎச்சிபியை (கருவிகளுக்கு எண் வழங்கும் வேலை) அணையுங்கள். மறந்தால் இரண்டு பெட்டியும் போட்டி போட்டு எண் கொடுக்கும். பாதி நாள் நெட் வரும், பாதி நாள் வராது, காரணம் பிடிபடவே பிடிபடாது.
4. வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் பெரிய ரவுட்டரில் உள்ளதே, சேனல் மட்டும் வேறு: அது 36 என்றால் இது 149.
5. இழுத்த ஒயரை லேன் துளையில் மாட்டுங்கள். வான் துளை காலியாக இருக்கட்டும்.

பாட்டுப் பெட்டியையும் இதே பெட்டியின் இன்னொரு லேன் துளையில் ஒயரால் மாட்டிவிட்டால் தனியாக ஸ்விட்ச் தேவையில்லை.

ஒயரே இழுக்க முடியாத வாடகை வீட்டில் ரிப்பீட்டர் பற்றி யோசிப்பார்கள். ரிப்பீட்டர் ஒரே அலையில் கேட்டு ஒரே அலையில் திரும்பச் சொல்வதால் வேகம் பாதியாகும், ஆனால் பாட்டுக்கு அந்தப் பாதியே தாராளம். தவறு வைக்கும் இடத்தில்தான் நடக்கிறது. சிக்னல் இல்லாத அறையில் ரிப்பீட்டரை வைத்தால் அதற்கும் சிக்னல் கிடைக்காதே! அதற்கே மைனஸ் 65 கிடைக்கும் நடு இடத்தில் வையுங்கள். மின் ஒயர் வழியாக நெட் கடத்தும் கருவிகளும் உண்டு. மூன்று ஃபேஸ் வீட்டில் இரண்டு கருவியும் ஒரே ஃபேஸில் இருந்தாக வேண்டும், ஸ்பைக் பஸ்டரில் மாட்டக் கூடாது. இன்வெர்ட்டர் ஓடும்போது அவை தடுமாறும் என்பதால் இங்கே அவற்றைக் கடைசியாகத்தான் நினைக்கவேண்டும்.

தோட்டத்து வீடும் ஃபைபர் வராத ஊரும்

வீடு ஒரு பக்கம், தோட்டத்து அறையோ மாட்டுத் தொழுவத்தை மாற்றிய இசை அறையோ முப்பது நாற்பது மீட்டர் தள்ளி என்றால் செம்பு ஒயரை வெளியே இழுக்காதீர்கள். சித்திரைக் கோடை இடியிலும் ஐப்பசி இடியிலும் பக்கத்தில் எங்கோ விழுந்த மின்னலே அந்த ஒயரில் மின்னழுத்தத்தைத் தூண்டி இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகளைக் கருக்கிவிடும். அங்கே ஃபைபர்: ஒற்றை இழை வெளிப்புற ஃபைபர், இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரை லேன் ஒயரோடு இணைக்கும் பெட்டி) ஒரு ஜோடி. கன்வெர்ட்டர் ஜோடி என்பது ஒன்றுக்கொன்று எதிரான அலைநீளம் கொண்டது. ஒன்று 'அ' வகை, மற்றது 'ஆ' வகை மாதிரி. இரண்டும் ஒரே வகையாக வாங்கிவிட்டால் பேசாது. முனை இணைப்பை உங்கள் ஊர் கேபிள்காரரிடமே செய்து வாங்குங்கள், ஒட்டும் கருவி அவரிடம் இருக்கும். கண்ணாடியில் மின்சாரம் போகாது.

களக்காடு, மாஞ்சோலை அடிவாரப் பக்கம் ஃபைபர் எட்டாத இடங்களில் சிம் ரவுட்டர்தான் வழி. அதை மேசை மேல் வைக்காமல் டவர் பக்கத்து ஜன்னலில் அல்லது மாடியில் வைத்து, அங்கிருந்து லேன் ஒயரைக் கீழே கொண்டுவாருங்கள். ரவுட்டர் பக்கத்தில் காட்டும் ஆர்எஸ்ஆர்பி (டவர் சிக்னலின் பலம்) மைனஸ் 100ஐவிட மேலே, எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு மேலே என்பது) 10க்கு மேலே வரும் இடம்வரை ஜன்னல் ஜன்னலாக மாற்றிப் பாருங்கள். டவுனில் சிம் ரவுட்டரை நம்பியிருப்பவர்களுக்கு ஒன்று: ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிக் கூட்டம் மொத்தமும் அதே டவரில்தான் தொங்கும். கேட்க நினைத்ததை முந்தின நாள் இரவே செயலியில் பதிவிறக்கி வைத்துவிடுங்கள். பதிவிறக்கிய பாட்டுக்கு எந்த நெட்வொர்க் பழுதும் இல்லை. நினைத்துப் பார்த்தால் இந்தக் கட்டுரையில் செலவே இல்லாத வழிகளில் இதுவும் ஒன்று.

வரிசை நெரிசல்

மூன்றாம் சோதனையில் எண் எகிறியவர்களுக்கு. வீட்டிலிருந்து வெளியேறும் பாதை நிறைந்தால் ரவுட்டர் தரவை நீண்ட வரிசையில் நிறுத்திவைக்கிறது. பாட்டு வரும் பாதை காலியாக இருந்தாலும் "வந்து சேர்ந்தது, அடுத்ததை அனுப்பு" என்ற சின்னப் பதில் அந்த வரிசையின் வாலில் மாட்டிக்கொள்ளும். அனுப்புகிறவர் காத்திருப்பார். இங்கே பெரும்பாலும் குற்றவாளி வாசலில் உள்ள சிசிடிவி கேமராக்கள். நான்கு கேமரா, ஆளுக்கு 2 மெகாபிட் என்று மேகத்துக்கு ஏற்றினால் 8 மெகாபிட் எந்நேரமும் போய்க்கொண்டிருக்கும். ஏற்றும் வேகம் 10 உள்ள இணைப்பில் மிச்சம் எவ்வளவு? கேமராவை அசைவு தெரிந்தால் மட்டும் ஏற்றும்படியோ, உள்ளூர் ரெக்கார்டரில் மட்டும் பதியும்படியோ மாற்றினாலே பாதி வீடுகளில் தீர்ந்துவிடும்.

முழுத் தீர்வு எஃப்க்யூ-கோடெல் (fq_codel) அல்லது கேக் (CAKE) என்ற வரிசை மேலாண்மை உள்ள ரவுட்டர். ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஏற்கும் ரவுட்டர்களில் எஸ்க்யூஎம் என்ற பெயரில் கிடைக்கும். அளந்த வேகம் 100 என்றால் அதில் 90 என்று எழுதுங்கள், ஏற்றத்துக்கும் தனியாக அதே போல. பத்து சதவீதம் விட்டுக்கொடுப்பது வரிசை நம் ரவுட்டரிலேயே உருவாகவேண்டும் என்பதற்காக. ரவுட்டரில் உருவானால் அதை ஒழுங்குபடுத்தலாம், ஃபைபர் பெட்டிக்குள் உருவானால் நம் கை எட்டாது. இதற்கு ஃபைபர் பெட்டியைப் பிரிட்ஜ் நிலைக்கு (தரவை அப்படியே நம் ரவுட்டருக்குக் கடத்தும் நிலை) மாற்றித் தரச்சொல்லி, இணைப்புக்கான பிபிபிஓஇ பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் நிறுவனத்திடம் கேட்டு வாங்கவேண்டும். லேண்ட்லைன் போனும் அதே பெட்டியில் ஓடினால் அதன் அமைப்பைத் தொடவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

கரண்ட், காற்று, அணில்

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் கணத்தில் ரவுட்டர் அணைந்து எழுந்தால் ஃபைபர் பெட்டி மறுபடி இணைய இரண்டு மூன்று நிமிடம் ஆகும். இன்வெர்ட்டரின் பின்பக்கச் சுவிட்சை "யுபிஎஸ்" நிலையில் வையுங்கள், மாற்றம் வேகமாக நடக்கும். அதிலும் எழுந்தால் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று. வாங்கும்முன் இரண்டு அடாப்டரிலும் எழுதியுள்ள வோல்ட்டைப் படியுங்கள். ஃபைபர் பெட்டி 12 ஆக இருக்கும், ரவுட்டர் 9 ஆக இருந்தாலும் இருக்கும். தவறாக மாட்டினால் புகைதான். இரண்டும் சேர்ந்து 10 வாட் இழுக்கும் என்று வைத்தால் 30 வாட்-மணி பேட்டரி இரண்டரை மணிக்கு மேல் தாங்கும். தெருமுனைக் கேபிள்காரர் பெட்டியில் கரண்ட் இல்லை என்றால் இதெல்லாம் இருந்தும் நெட் வராது.

ஆனி, ஆடிக் காற்றில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் ஃபைபர் ஆடி, வீட்டுச் சுவரைத் தொடும் இடத்தில் உரசும். அந்த இடத்தில் ஒரு துண்டு தோட்டத்து ஓஸ் பைப்பை நீளவாக்கில் கீறி மாட்டிவிடுங்கள். தென்னைமரம் உள்ள வீட்டில் அணில், பாபநாசம் பக்கம் குரங்கு. ஃபைபர் கடிபட்டால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், அதற்கு வீட்டில் வைத்தியமில்லை.

பாட்டுப் பெட்டி முனை

நெட்வொர்க்கைச் சரிசெய்துவிட்டுக் கடைசி இரண்டு அடியை ப்ளூடூத்தில் விட்டால் செய்ததெல்லாம் வீண். எஸ்பிசி முறையில் ப்ளூடூத் பொதுவாக 328 கிலோபிட்டைத் தாண்டாது, எல்டேக் முறையில் அதிகபட்சம் 990. 24/96 அதன் வழியே முழுதாகப் போகாது. சர்வரிலிருந்து தானே பாட்டை இழுக்கும் ஸ்ட்ரீமரோ, ஆம்ப்ளிஃபையரோடு யுஎஸ்பி டேக் (டிஜிட்டல் தரவை ஒலி அலையாக மாற்றும் கருவி) மாட்டிய ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியோ வையுங்கள். கைபேசி வெறும் ரிமோட்டாக இருக்கட்டும், அதன் பேட்டரி தீர்ந்தாலும் பாட்டு ஓடும். ராஸ்பெர்ரி பை 4 வேண்டும் என்பவர்களுக்கு: வைஃபையில் ஓட்டினால் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள், யுஎஸ்பி 3 கசியும் இரைச்சல் நேராக 2.4 கிகாஹெர்ட்ஸில் விழும். ஒயரில் மாட்டினால் அந்தக் கவலை இல்லை. மின்சாரத்துக்கு 5.1 வோல்ட், 3 ஆம்ப் அடாப்டரே. கைபேசி சார்ஜரில் ஓட்டினால் அழுத்தம் இறங்கி யுஎஸ்பி டேக் துண்டித்துத் துண்டித்துச் சேரும், பழி நெட்டின் மேல் விழும்.

கைபேசிச் செயலியில் பாட்டுப் பெட்டியே காணவில்லை என்றால் மூன்று இடம் பாருங்கள்: கைபேசி விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா, ரவுட்டரில் "கிளையன்ட் ஐசொலேஷன்" (கருவிகள் ஒன்றையொன்று பார்க்காமல் தடுப்பது) போட்டிருக்கிறதா, மேலே சொன்ன வான் துளைத் தவறு நடந்திருக்கிறதா. மூன்றும் இல்லையென்றால் ரவுட்டரில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற அமைப்பை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். பாட்டுப் பெட்டிக்கு ரவுட்டரில் நிலையான முகவரி ஒதுக்கிவிட்டால் இந்தக் காணாமல் போவது பாதி குறையும்.

"இசைக்கென்றே செய்த" லேன் ஒயர், ஸ்விட்ச் என்று பல ஆயிரத்துக்கு விற்கிறார்கள். வாங்காதீர்கள். தரவு பொட்டலம் பொட்டலமாக வருகிறது, ஒவ்வொன்றிலும் சரிபார்க்கும் எண் இருக்கிறது, கெட்டது திரும்பக் கேட்டு வாங்கப்படுகிறது. கடைசியில் சேமிப்பிலிருந்து டேக்கின் தாளத்துக்கு வாசிக்கப்படுகிறது. நெட்வொர்க் பழுது பாட்டை நிறுத்தும். "கொஞ்சம் மங்கலாக" ஆக்காது. மங்கலாகக் கேட்டால் ஸ்பீக்கர் இருக்கும் மூலையைப் பாருங்கள், பழைய பட்டாசாலையின் சுண்ணாம்புச் சுவரும் சிவப்புத் தரையும் எதிரொலிப்பதை ஒரு ஜமுக்காளம் அடக்கும். அதேபோல, காருகுறிச்சி அருணாச்சலத்தின் நாதஸ்வரம் போன்ற 1964க்கு முந்தைய பதிவுகளை 24/192இல் தேட வேண்டியதில்லை. மூல நாடாவில் உள்ளதெல்லாம் சிடி தரத்திலேயே அடங்கிவிடும். 24/96 ஓடுகிறதா என்று பார்க்கப் புதிய பதிவு ஒன்றை எடுங்கள். வில்லுப்பாட்டின் குடமும் ஜால்ராவும் சேர்ந்தது என்றால் தாழ்ந்த ஒலியும் உச்ச ஒலியும் ஒன்றாகத் தெரியும்.

வேலை முடிந்தபின் மறுபடி இரவு ஒன்பது மணிக்கு அந்த மூன்று சோதனையும், பிறகு 24/96இல் இரண்டு மணி நேரம் இடைவிடாமல். வீட்டில் டிவி, கேமரா எல்லாம் வழக்கம்போல ஓடட்டும். வந்த எண்களை, ஒளி அளவு, சிக்னல், மூன்று பிங் என ஐந்தையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி ரவுட்டருக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். ஆடிக் காற்றில் பாட்டு நின்றால் தாளைப் பார்த்து எந்த எண் மாறியிருக்கிறது என்று தேடினால் போதும்.